நெட் நின்றால் எங்கிருந்து தேடுவது: மலையகத்து ஆபீஸ், பாடசாலை, கடைகளுக்கு ஒரு கையேடு

தோட்ட ஆபீஸ், பாடசாலைக் கணினி அறை, பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கொமியுனிகேஷன் கடை என்று எங்கு போனாலும் "கம்ப்யூட்டர் தெரிந்தவர்" என்று ஒருவர் இருப்பார். நெட் நின்றாலும் பிரின்டர் மக்கர் பண்ணினாலும் அழைப்பு அவருக்குத்தான். அந்த வேலைக்குத் தனிப் பயிற்சியும் இருக்காது, தனிச் சம்பளமும் இருக்காது. இந்தக் கையேடு அவருக்கானது.

முதலில் ஒரு விதி. கோளாறு எந்த இடத்தில் என்று தெரியும்வரை எந்த செட்டிங்கையும் தொட வேண்டாம். நேற்று வரை ஒழுங்காக ஓடிய ரவுட்டரின் செட்டிங் ராத்திரியில் தானாக மாறிவிடாது. மாறுவதெல்லாம் வெளியே இருப்பவைதான்: கரண்ட், இடி, ஈரம், எலி, வயரைப் பிடுங்கி வேறு இடத்தில் செருகிய யாரோ ஒருவரின் கை. ரவுட்டரின் முதுகிலுள்ள ரீசெட் துளையில் குண்டூசியை விட்டுப் பத்து வினாடி அழுத்தினால் இணைப்பின் யூசர்நேம், பாஸ்வேர்ட், ஏபிஎன் (4ஜி இணைப்புக்குரிய பெயர்), வைஃபை பெயர் எல்லாம் அழிந்துபோகும். அதுவரை ஒரு கோளாறு. அதற்குப் பிறகு இரண்டு.

முதல் ஐந்து நிமிடம்

கம்ப்யூட்டரில் கை வைக்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். ஒருவருக்கு மட்டுமா, எல்லோருக்குமா? வயரிலா, வைஃபையிலா, இரண்டிலுமா? நிற்பதற்குச் சற்று முன் என்ன நடந்தது: கரண்ட் போய் வந்ததா, இடி இடித்ததா, யாராவது அறையைக் கூட்டிப் பெருக்கினார்களா? மூன்றாவது கேள்விக்கு "ஒன்றுமே நடக்கவில்லை" என்றுதான் பதில் வரும். நம்பாமல் இன்னொரு தரம் கேளுங்கள்.

பிறகு விண்டோஸ் பட்டனையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, சிஎம்டி என்று தட்டிக் கறுப்பு ஜன்னலைத் திறவுங்கள். (கட்டளைகள் இங்கே உச்சரிப்புப்படி இருக்கின்றன, தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும்.) முதலில் ஐபிகான்ஃபிக். ஐபிவி4 அட்ரஸ் என்ற வரியைப் பாருங்கள்.

அந்த இலக்கம் 169.254 என்று தொடங்கினால் கம்ப்யூட்டருக்கு முகவரி கொடுக்க யாரும் அகப்படவில்லை. அதுவே தனக்கு ஒன்றை வைத்துக்கொண்டது. ரவுட்டர்வரை போகும் பாதையில், அதாவது வயர், ஜேக், சுவிட்ச் (பல லேன் வயர்கள் வந்து சேரும் பெட்டி), ரவுட்டர் இவற்றில் ஒன்றில்தான் கோளாறு. வெளி லைனைக் குறைசொல்லிப் பயனில்லை. மற்ற மெஷின்கள் 192.168.1 என்றிருக்க, இது மட்டும் 192.168.8 என்றோ 192.168.0 என்றோ காட்டினால் வலையமைப்புக்குள் இன்னொரு ரவுட்டர் நுழைந்திருக்கிறது. அதைப் பற்றிக் கீழே.

முகவரி சரி என்றால், அதே திரையில் டிஃபோல்ட் கேட்வே என்றிருக்கும் இலக்கத்துக்கு, அதாவது ரவுட்டருக்கு, பிங் கொடுங்கள் (பதில் வருகிறதா என்று கேட்கும் கட்டளை): பிங் 192.168.1.1. வயரில் 1 மில்லிசெக்கன்டோ அதற்குக் கீழோ வர வேண்டும். வைஃபையில் 2 முதல் 10 வரை சாதாரணம். அடுத்து பிங் 8.8.8.8. இது கூகுளின் டிஎன்எஸ் சேர்வர், அதாவது தளத்தின் பெயரை இலக்கமாக மாற்றித் தருவது. பதில் வந்தால் வெளி லைன் உயிரோடு இருக்கிறது. கடைசியாக ஏதாவது ஒரு தளத்தின் பெயருக்கு பிங். இலக்கத்துக்குப் பதில் வந்து பெயருக்கு வராவிட்டால் டிஎன்எஸ்தான் பிரச்சினை; ரவுட்டரின் செட்டிங் பக்கத்தில் (பிரவுசரில் கேட்வே இலக்கத்தைத் தட்டினால் திறக்கும்) டிஎச்சிபி என்ற, முகவரி பகிரும் பகுதிக்குப் போய் டிஎன்எஸ் 1.1.1.1, 8.8.8.8 என்று போட்டுவிட்டு, மெஷினில் ஐபிகான்ஃபிக் என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு ஃப்ளஷ்டிஎன்எஸ் என்று தட்டினால் பெரும்பாலும் முடிந்துவிடும்.

மூன்று பிங்கும் ஒழுங்காக வந்தும் பக்கம் திறக்கவில்லையா? வலது மூலையிலுள்ள திகதியைப் பாருங்கள். "உங்கள் இணைப்பு பாதுகாப்பானதல்ல" என்று எல்லாத் தளங்களும் ஒரே நேரத்தில் அலறினால், கம்ப்யூட்டரின் திகதி பல வருடம் பின்னுக்குப் போயிருக்கும். மதர்போர்டில் ஒரு ரூபாய்க் காசு அளவிலிருக்கும் சிஆர் 2032 பெட்டரி செத்துவிட்டது. கரண்ட் போகும் ஒவ்வொரு முறையும் மெஷின் தன் பிறந்த வருடத்துக்குத் திரும்பிவிடுகிறது. தளங்களின் சான்றிதழ்களுக்கெல்லாம் தொடங்கும் திகதியும் முடியும் திகதியும் உண்டு என்பதால், திகதி பிழையாக இருந்தால் எந்தச் சான்றிதழும் செல்லாது. புதிய பெட்டரி 3 வோல்ட். மல்டிமீட்டரில் பழையது 2.7க்குக் கீழே காட்டினால் மாற்றிவிடுங்கள். மெஷினின் ப்ளக்கைக் கழற்றிவிட்டு, எழுத்துப் பொறித்த பக்கம் மேலே இருக்கும்படி போட வேண்டும். ரவுட்டரையும் லைனையும் பார்த்து அரை நாள் வீணாவது இந்தக் காசளவுப் பெட்டரியாலேயே பல இடங்களில் நடக்கிறது.

கரண்ட் போய் வந்த பிறகு

கரண்ட் வந்ததும் எல்லாம் ஒன்றாக எழும்பும். கம்ப்யூட்டர் ஒரு நிமிடத்துக்குள் எழும்பி முகவரி கேட்கும். ஃபைபர் பெட்டியும் ரவுட்டரும் தயாராக இரண்டு மூன்று நிமிடம் எடுக்கும். கேட்டபோது பதில் கிடைக்காததால் 169.254 விழுந்திருக்கும். ரவுட்டர் எழும்பிய பின் கம்ப்யூட்டர் தானே மறுபடி கேட்க வேண்டும், ஆனால் எல்லா மெஷினும் கேட்பதில்லை. லேன் வயரைக் கழற்றிப் பத்து எண்ணிச் செருகுங்கள், போதும். எல்லாவற்றையும் நிறுத்திப் போடுவதானால் வரிசை இதுதான்: ஃபைபர் பெட்டி, இரண்டு நிமிடம் பொறுத்து ரவுட்டர், பிறகு சுவிட்ச், கடைசியில் கம்ப்யூட்டர்களும் பிரின்டரும்.

2022 மின்வெட்டுக் காலத்துக்குப் பின் ரவுட்டருக்கென்றே சின்ன டிசி யுபிஎஸ் வாங்கி வைத்தவர்கள் அதிகம். நல்ல பொருள்தான், ஆனால் வயர் முனையில் ஒரு ஆபத்து இருக்கிறது. 5 வோல்ட் சுவிட்ச், 9 வோல்ட் ரவுட்டர், 12 வோல்ட் ரவுட்டர் மூன்றுக்கும் பெரும்பாலும் ஒரே அளவு வட்ட ப்ளக், 5.5 மில்லிமீட்டர். 12 வோல்ட் வயர் 5 வோல்ட் சுவிட்சுக்குள் அழகாகப் போய் உட்காரும். மறு வினாடி சுவிட்ச் முடிந்தது. பழைய அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட் அப்படியே ஒத்திருக்க வேண்டும். அம்பியர் அதற்குச் சமமாகவோ கூடவோ இருக்கலாம், குறையக் கூடாது. ஒவ்வொரு வயர் முனையிலும் டேப் சுற்றி வோல்ட்டை எழுதி வையுங்கள்.

எவ்வளவு நேரம் தாங்கும் என்ற கணக்கு கடையில் சொல்வதைவிடக் குறைவு. பெட்டியில் 8800 எம்ஏஎச் என்றிருக்கும்; அது உள்ளேயிருக்கும் 3.7 வோல்ட் செல்லின் கணக்கு. 8.8 தர 3.7, சுமார் 32 வாட்-மணி. 12 வோல்ட்டுக்கு ஏற்றும்போது போகும் இழப்பைக் கழித்தால் கையில் 27 அளவு. ரவுட்டர் 7 வாட் எடுத்தால் நாலு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஃபைபர் பெட்டியையும் சேர்த்துப் போட்டால் அதில் பாதி.

கம்ப்யூட்டர் யுபிஎஸ்ஸில் இருப்பது 12 வோல்ட், 7 அம்பியர்-மணி ஈய-அமில பெட்டரி. அதன் ஆயுள் இரண்டு முதல் மூன்று வருடம்தான். கரண்ட் போன அதே நொடி மெஷினும் போகிறதென்றால் யுபிஎஸ்ஸைத் தூக்கி எறிய வேண்டாம், பெட்டரியை மாற்றினால் போதும். முழு நாள் சார்ஜ் பண்ணி, ஒரு மெஷினை மட்டும் போட்டு, சுவர் ப்ளக்கை அணைத்துப் பாருங்கள். ஐந்து நிமிடம்கூட நிற்காவிட்டால் பெட்டரி சரியில்லை. வயிறு ஊதிய பெட்டரியை மறுபடி சார்ஜ் பண்ணவே கூடாது. லேசர் பிரின்டரை யுபிஎஸ் பக்கத்துச் சொக்கெட்டில் செருகாதீர்கள். தாளைச் சூடாக்கும் உருளை தொடங்கும்போது சில நூறு வாட்டுக்கு மேல் இழுக்கும், சின்ன யுபிஎஸ் ஓவர்லோட் என்று கத்தி எல்லாவற்றையும் நிறுத்திவிடும்.

சில தோட்டங்களில், மின்கம்பி கடைசியாக வந்து முடியும் பக்கம், மாலை ஆறு மணிக்கு மேல் வோல்டேஜ் 190க்கும் கீழே இறங்கும். கம்ப்யூட்டரின் பவர் சப்ளை பெரும்பாலும் அதைத் தாங்கிக்கொள்ளும். தாங்காதது யுபிஎஸ்தான்: கரண்ட் போய்விட்டது என்று நினைத்து டிக், டிக் என்று பெட்டரிக்கு மாறி மாறிப் போய், உண்மையில் கரண்ட் போகும்போது பெட்டரி காலியாக இருக்கும். "யுபிஎஸ் காரணமே இல்லாமல் கத்துகிறது" என்ற முறைப்பாட்டுக்கு விடை இது. புதியது வாங்கும்போது பெட்டியில் உள்ளீட்டு வோல்டேஜ் எல்லை எதுவரை என்று பார்த்து, கீழ் எல்லை 160க்குக் கீழே இருப்பதாக வாங்குங்கள்.

எர்த்தும் இடியும்

இந்தப் பகுதியை அவசரமாகத் தாண்டிப் போக வேண்டாம். மலையகத்தில் லேன் போர்ட் சாவதற்கு இதைவிடப் பெரிய காரணம் இல்லை. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் இடி வழக்கமான விருந்தாளி.

கம்ப்யூட்டர் பெட்டியின் பின்பக்கத் தகரத்தை விரல் நுனியால் தொடும்போது சுரீரென்று கடிக்கிறதா? எர்த் இல்லை. பவர் சப்ளைக்குள் இரைச்சலை வடிகட்டும் இரண்டு கொண்டென்சர்கள் எர்த்தோடு இணைந்திருக்கின்றன. எர்த் வயர் எங்கும் போய்ச் சேராவிட்டால் பெட்டியின் உடம்பு 230இன் பாதியில், 115 வோல்ட் அளவில் மிதக்கும். மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் ஆளைத் தூக்கி எறியாது. ஆனால் லேன் வயர், யுஎஸ்பி வயர், பிரின்டர் வயர் எதைச் செருகினாலும் அந்த வோல்டேஜ் அதன் வழியாகத்தான் வடிகிறது. யுஎஸ்பி போர்ட்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாவதற்குக் காரணம் இதுவாக இருக்கலாம்.

எர்த் காணாமல் போவது பெரும்பாலும் ப்ளக்கில்தான். உருண்டைப் பின், சதுரப் பின் என்று இரண்டு வகைச் சொக்கெட்டும் ஒரே கட்டடத்தில் இருக்கும்; பொருத்துவதற்குப் போடும் மலிவான அடாப்டரில் எர்த் பின் பிளாஸ்டிக்காக இருக்கும். இன்னும் மோசம், பேனா மூடியால் எர்த் துளையை அழுத்திப் பிடித்து இரண்டு பின் ப்ளக்கைச் செருகுவது. மல்டிமீட்டர் பழக்கம் உள்ளவர் ஏசி 750 வோல்ட் அளவில் வைத்துச் சொக்கெட்டைப் பார்க்கலாம்: லைவுக்கும் நியூட்ரலுக்கும் 230ஐச் சுற்றி, லைவுக்கும் எர்த்துக்கும் அதே அளவு, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ஓரிரு வோல்ட். லைவுக்கும் எர்த்துக்கும் 60, 90, 120 என்று தடுமாறினால் எர்த் அறுந்திருக்கிறது. அதற்குமேல் வயர்மேனின் வேலை. எர்த் கம்பி புதைத்த இடம் காய்ந்திருக்கிறதா, கிளாம்ப் துருவேறிக் கழன்றிருக்கிறதா என்று அவர் பார்க்க வேண்டும். ட்ரிப் சுவிட்சில் டெஸ்ட் பட்டன் இருக்கிறது. மாதம் ஒருமுறை அழுத்தி அது விழுகிறதா என்று பாருங்கள்.

அடுத்தது இரண்டு கட்டடங்களுக்கு நடுவே போகும் லேன் வயர். ஆபீஸிலிருந்து ஃபெக்டரிக்கு, அதிபர் அறையிலிருந்து கணினி அறைக்கு, மரத்தில் கட்டியோ கூரையோரமாகவோ ஒரு நீல வயர் போகும். இரண்டு கட்டடத்துக்கும் எர்த் வேறு வேறு. அரை மைல் தள்ளி இடி விழுந்தாலும் இரண்டு எர்த்துக்கும் நடுவே ஒரு கணம் ஆயிரக்கணக்கான வோல்ட் வித்தியாசம் வரலாம். லேன் போர்ட்டுக்குள் இருக்கும் சின்ன ட்ரான்ஸ்ஃபோமர் 1500 வோல்ட்டைத் தாங்கும்படிதான் செய்திருக்கிறார்கள். விளைவு: மறுநாள் காலை சுவிட்சில் இரண்டு மூன்று போர்ட் மட்டும் விளக்கெரியாமல் கிடக்கும், மற்றவை ஓடும். சுவிட்சை மாற்றுவது தீர்வல்ல, அடுத்த இடிக்கு அதுவும் போகும்.

தீர்வு ஃபைபர். சிங்கிள்மோட் ட்ரொப் கேபிள் தேவையான நீளம், இரு முனையும் கடையிலேயே கனெக்டர் போட்டது. ஃபைபரையும் லேன் வயரையும் இணைக்கும் மீடியா கன்வேர்ட்டர் ஒரு சோடி. கண்ணாடியில் மின்சாரம் ஓடாது. ஆனால் அந்தக் கறுப்புக் கேபிளின் ஓரத்தில் தாங்குவதற்கென்று ஓர் இரும்புக் கம்பி இருக்கும். அதைக் கட்டடத்துக்கு வெளியே கொக்கியில் கட்டிவிட்டு, அங்கேயே பிரித்து வெட்டிவிட வேண்டும். கம்பியோடு உள்ளே கொண்டுவந்தால் பணம் கொடுத்து ஃபைபர் போட்டதில் பாதி அர்த்தம் போய்விடும். வளைக்கும்போது ஒரு தேநீர்க் கோப்பையின் வாயைவிடச் சின்ன வட்டமாக வளைக்காதீர்கள். முனையைக் கண்ணுக்கு நேரே வைத்துப் பார்க்கவே கூடாது. அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கலாம்.

ஃபைபர் போட வசதியில்லாத இடத்தில், இடி தொடங்கும் முன் கையால் கழற்றுவதே பாதுகாப்பு: சுவர் ப்ளக், டெலிபோன் அல்லது அன்டெனா வயர், கட்டடத்துக்கு வெளியே போகும் லேன் வயர், மூன்றும். ப்ளக்கை மட்டும் கழற்றி மற்ற இரண்டையும் விட்டுவிடுவதுதான் வழக்கமான பிழை. இடி தலைக்கு மேல் வந்த பிறகு கழற்றப் போக வேண்டாம்.

வயரும் ஜேக்கும்

100 மீட்டருக்கு மேல் லேன் வயர் ஓடாது. ஓடினாலும் மழை நாளில் நிற்கும். மலிவு வயரில் செம்பு பூசிய அலுமினியம் விற்கிறார்கள். பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். இழுத்தால் லேசில் முறியும். நீண்ட ஓட்டத்துக்கு அது வேண்டாம்.

ஜேக் அடிக்கும் வரிசை, கிளிப் கீழே இருக்கப் பிடித்து இடமிருந்து வலம்: ஆரஞ்சு-வெள்ளை, ஆரஞ்சு, பச்சை-வெள்ளை, நீலம், நீல-வெள்ளை, பச்சை, பிரவுன்-வெள்ளை, பிரவுன். இரு முனையும் ஒன்றுபோல. பச்சையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அடித்தால் டெஸ்டரில் எட்டு விளக்கும் எரியும், ஆனால் 3ஆம், 6ஆம் இடத்து வயர்கள் வெவ்வேறு சோடிக்குப் போய் வேகம் நாறிப்போகும். டெஸ்டரை மட்டும் நம்பாமல் நிறத்தைக் கண்ணால் பாருங்கள். 100 மெகாபிட்டுக்கு 1, 2, 3, 6 போதும். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். கிகாபிட் ஓடிய மெஷின் ஒருநாள் திடீரென்று 100க்கு இறங்கினால் நீலமோ பிரவுனோ அறுந்திருக்கிறது என்று அர்த்தம்.

நுவரெலியா, ராகலை, அக்கரப்பத்தனைப் பக்கத்து ஈரத்தில் ஜேக்கின் மஞ்சள் பற்கள் பச்சை பூத்துவிடும். டோர்ச் அடித்துப் பாருங்கள். பச்சையோ கறுப்போ தெரிந்தால் சுத்தம் பண்ணி மினக்கெடாமல் ஜேக்கை வெட்டிப் புதிது அடியுங்கள். நீண்ட விடுமுறைக்குப் பின் பாடசாலை மெஷின் திரையில் ஒன்றும் வராமல் பீப் பீப் என்றால், ரேமைக் கழற்றி அதன் தங்கப் பற்களை அழிரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளை ஊதிவிட்டு, இரண்டு பக்கமும் டக் என்று கேட்கும்வரை அழுத்துங்கள். விடுமுறையில் வாரம் ஒரு மணித்தியாலம் ஓடவிட்டாலே இது பெரும்பாலும் வராது.

எல்லாப் போர்ட் விளக்கும் ஒரே தாளத்தில் வெறிபிடித்ததுபோல் மினுக்கி, யாருக்கும் எதுவும் வேலை செய்யாவிட்டால் அது லூப்: ஒரே வயரின் இரு முனையும் சுவிட்சிலேயே செருகப்பட்டிருக்கிறது. தரையில் கிடந்த முனையை "பாவம், கழன்றுவிட்டது" என்று யாரோ செருகியிருப்பார்கள். பாதி வயரைக் கழற்றுங்கள். அமைதியானால் கழற்றிய பாதியில், ஆகாவிட்டால் மீதியில். இப்படிப் பாதி பாதியாகப் போனால் 24 போர்ட் சுவிட்சில் நாலைந்து தடவைக்குள் அகப்படும்.

இரண்டாவது ரவுட்டர்

வைஃபை எட்டவில்லை என்று வீட்டில் சும்மா கிடந்த பழைய ரவுட்டரைக் கொண்டுவந்து செருகுவார்கள். அது தானும் முகவரி பகிரத் தொடங்கும். சில மெஷின் உண்மையான ரவுட்டரிடம் வாங்கி நன்றாக ஓடும். சில, எங்கும் போகாத இந்தப் பழைய ரவுட்டரிடம் வாங்கி நிற்கும். "காலையில் எனக்கு வந்தது, மத்தியானம் அவருக்கு வந்தது" என்ற விசித்திரம் இதனால்தான். ஐபிகான்ஃபிக் கட்டளைக்குப் பின் இடைவெளி, சாய்கோடு, ஆல் என்று தட்டினால் டிஎச்சிபி சேர்வர் என்ற வரியில் முகவரி கொடுத்தது யார் என்று தெரியும். வேலை செய்யும் மெஷினிலும் செய்யாத மெஷினிலும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

பழைய ரவுட்டரைப் பயன்படுத்துவதில் தவறில்லை, ஒழுங்காகச் செய்தால். முதலில் அதைத் தனியாக ஒரு கம்ப்யூட்டரோடு மட்டும் இணையுங்கள். அதன் லேன் முகவரியை 192.168.1.2 ஆக்குங்கள் (பிரதான ரவுட்டர் 192.168.1.1 என்றால்). டிஎச்சிபி சேர்வரை அணையுங்கள். வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் பிரதான ரவுட்டரைப் போலவே வைத்து, சனலை மட்டும் மாற்றுங்கள்: 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாதவை 1, 6, 11 மூன்றுதான். பிறகு பிரதான ரவுட்டரின் லேன் போர்ட்டிலிருந்து இதன் லேன் போர்ட்டுக்கு வயர். வேன் என்று எழுதிய போர்ட்டை வெறுமனே விடுங்கள். பழைய பங்களாக்களின் ஒன்றரை அடிக் கருங்கல் சுவரை எந்த விலையுயர்ந்த ரவுட்டரும் தாண்டாது. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பழைய ரவுட்டர் வைப்பதே மலிவு.

முகவரிகள் தீர்ந்துபோவதும் உண்டு. கொமியுனிகேஷன் கடையில் வருகிறவர்களுக்கெல்லாம் வைஃபை கொடுத்தால், ஒருவர் போன பிறகும் அவர் போனுக்குக் கொடுத்த முகவரி 24 மணித்தியாலம் பிடித்து வைக்கப்பட்டிருக்கும். டிஎச்சிபி பக்கத்தில் லீஸ் நேரத்தை 2 மணித்தியாலம் ஆக்குங்கள். பகிரும் எல்லையை 192.168.1.100 முதல் 199 வரை வைத்து, பிரின்டர், சிசிடிவி பெட்டி, ஃபைல் வைக்கும் மெஷின் இவற்றுக்கு 20, 21, 22 என்று நிரந்தர முகவரி கொடுங்கள். பிரின்டர் வாரத்துக்கொரு தரம் "ஓஃப்லைன்" ஆவது அதோடு நிற்கும்.

சிக்னல்

பனி மூடினால், மழை பெய்தால் 4ஜி சிக்னல் போய்விடும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். போன் வேலை செய்யும் 900, 1800, 2300 மெகாஹெர்ட்ஸ் அலைகளைப் பனியும் மழையும் அவ்வளவாகத் தடுப்பதில்லை. மழை விழுங்குவது 10 கிகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்டதை. டிஷ் டிவி மழைக்கு நிற்பது அதனால்தான். ஒரு மலையிலிருந்து அடுத்த மலைக் கோபுரத்துக்கு மைக்ரோவேவ் டிஷ் வழியாகத் தரவு போகும் இடங்களில் அந்த இணைப்பு மழையில் தளரலாம். இல்லாவிட்டால் கரண்ட் போய் கோபுரத்தின் பெட்டரி இறங்கியிருக்கும். ஆக, கோடுகள் நிறைய இருந்தும் தரவு வராவிட்டால் கோளாறு கோபுரத்துக்கு அப்பால். உங்கள் ரவுட்டரைத் திருப்பித் திருப்பி வைத்துப் பயனில்லை. கோடுகளே குறைந்தால்தான் உங்கள் பக்கம் பார்க்க வேண்டும்.

கோடுகளை நம்பாமல் ரவுட்டரின் செட்டிங் பக்கத்தில் இரண்டு இலக்கத்தைப் பாருங்கள். ஆர்எஸ்ஆர்பி (சிக்னலின் பலம்): −90ஐவிட மேலே நல்லது, −100 பரவாயில்லை, −110க்குக் கீழே கஷ்டம். எஸ்ஐஎன்ஆர் (இரைச்சலைவிடச் சிக்னல் எவ்வளவு தெளிவு): 13க்கு மேல் நல்லது, 0க்குக் கீழே போனால் சிக்னல் பலமாக இருந்தும் வேகம் வராது. இரண்டில் எஸ்ஐஎன்ஆர்தான் முக்கியம். தகரக் கூரைக்குக் கீழே, இரும்பு அலுமாரியின் மேல் ரவுட்டரை வைப்பது மிக மோசமான இடம். கோபுரம் இருக்கும் பக்கத்து ஜன்னலில் வைத்து, கால் மீட்டர் கால் மீட்டராக நகர்த்தி, ஒவ்வோர் இடத்திலும் ஒரு நிமிடம் பொறுத்து இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பள்ளத்தாக்கில் எதிர்மலைப் பாறையில் தெறித்து வரும் அலைதான் கிடைக்கும் இடங்களும் உண்டு. கோபுரத்துக்கு முதுகு காட்டிய ஜன்னல் அங்கே நன்றாக வேலை செய்யும். இலக்கம் சொல்வதைக் கேளுங்கள்.

வெளியே அன்டெனா போடுவதென்றால் வயர் நீளத்தில் கவனம். மெல்லிய ஆர்ஜி58 கேபிள் 1800இல் மீட்டருக்கு ஏறக்குறைய 1 டெசிபெல் தின்னும். 9 டெசிபெல் அன்டெனா வாங்கி 10 மீட்டர் வயர் இழுத்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது. அதைவிட, லேன் வயர் வழியாகவே கரண்ட் எடுக்கும் வெளிப்புற 4ஜி ரவுட்டர் நல்லது. சிக்னல் கம்பத்திலேயே தரவாக மாறிவிடுவதால் வயரில் இழப்பில்லை. ஆனால் அந்த லேன் வயருக்கு மேலே சொன்ன இடி விதிகள் எல்லாம் பொருந்தும்.

செம்புக் கம்பியில் இன்னும் ஏடிஎஸ்எல் ஓடும் இடங்களில், மழைக்கு மட்டும் நெட் அறுந்தால் கம்பத்து மூட்டுக்குள் தண்ணீர். டெலிபோனை எடுத்துக் காதில் வையுங்கள். கரகரவென்றால் சந்தேகமே வேண்டாம். ரவுட்டரின் செட்டிங் பக்கத்தில் எஸ்என்ஆர் மார்ஜின் (இரைச்சலுக்கு மேல் சிக்னலுக்கு மிஞ்சும் இடைவெளி) 6 டெசிபெல்லுக்குக் கீழே இறங்கினால் இணைப்பு அறுந்து அறுந்து வரும். போன் மணியடிக்கும்போது மட்டும் அறுந்தால் மைக்ரோஃபில்டர் (போன் ஒலியையும் நெட்டையும் பிரிக்கும் சின்னப் பெட்டி) போடாமல் எங்கோ ஒரு போன் செருகியிருக்கிறது.

ஃபைபரில் பார்க்க அதிகமில்லை. லொஸ் விளக்கு சிவப்பென்றால் ஒளி வரவில்லை: வயர் முறிந்ததோ எலி கடித்ததோ. பெட்டியின் செட்டிங் பக்கத்தில் பெறும் ஒளி −8க்கும் −27 டிபிஎம்முக்கும் நடுவே இருக்க வேண்டும். −26, −27 என்று விளிம்பில் தொங்கினால் அலுமாரிக்குப் பின்னால் வயர் நசுங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

மெதுவாக ஓடினால்

பிங் 8.8.8.8 என்பதற்குப் பின் இடைவெளி, கழித்தல் குறி, டீ போட்டால் நிறுத்தும்வரை ஓடும். 45, 48, 44 என்று போய்க்கொண்டிருந்தது திடீரென்று 900, 1200, 1100 என்று ஏறி மறுபடி 46க்கு இறங்கினால், உள்ளே யாரோ எதையோ மேலே அனுப்புகிறார்கள். போன் படங்களை கிளவுடில் ஏற்றுவது, சிசிடிவியை வெளியிலிருந்து பார்ப்பது இரண்டும் முதல் சந்தேகம். வைஃபையை அணைத்து வயரில் மட்டும் பாருங்கள். சரியானால் குற்றவாளி போன்களுக்குள்.

மாதக் கடைசியில் மட்டும் மெதுவென்றால் டேட்டா முடிந்திருக்கும். பிங் பழுதில்லாமல் வரும், பக்கம் மட்டும் திறக்காது. இரவு டேட்டா மிச்சமிருந்தால் விண்டோஸ் அப்டேட்களை ராத்திரிக்குத் தள்ளுங்கள்; ஒவ்வொரு மெஷினிலும் இணைப்பை மீட்டர்ட் என்று குறித்தால் பகலில் பெரிய அப்டேட் தானாக இறங்காது.

சில தளம் திறந்து சில தளம் பாதியில் தொங்கினால் எம்டியு, அதாவது ஒரே தடவையில் அனுப்பும் தரவுப் பொதியின் உச்ச அளவு, பிழை. பிங் 8.8.8.8, கழித்தல் எஃப், கழித்தல் எல் 1464 என்று இடைவெளி விட்டுத் தட்டுங்கள் (எல் என்பது சின்ன எழுத்து). பொதியைத் துண்டாக்க வேண்டும் என்று மறுமொழி வந்தால் 1464ஐப் பத்துப் பத்தாகக் குறைத்து, பதில் வரும் இலக்கத்தோடு 28 கூட்டி ரவுட்டரின் எம்டியுவில் போடுங்கள். பிபிபிஓஈ (யூசர்நேம், பாஸ்வேர்ட் கொடுத்து நுழையும்) இணைப்புக்கு வழக்கமாக 1492.

ஷேர் ஃபோல்டர், பிரின்டர்

பழைய சேமிப்புப் பெட்டியிலுள்ள ஷேர் ஃபோல்டர், புதிய விண்டோஸ் 11 மெஷினில் மட்டும் திறக்காவிட்டால் வயரைத் தேட வேண்டாம். 24எச்2 பதிப்பிலிருந்து பாஸ்வேர்ட் இல்லாத விருந்தினர் நுழைவை ப்ரோ பதிப்பும் மறுக்கிறது. பெட்டியில் ஒரு யூசரையும் பாஸ்வேர்டையும் உண்டாக்கி அதைக் கொடுத்து நுழையுங்கள். பாதுகாப்பை அணைக்கும் குறுக்கு வழியும் உண்டு. சம்பளப் பட்டியல் இருக்கும் மெஷினில் அதைச் செய்யாதீர்கள்.

பிரின்டர் வரிசையில் ஒரு தாள் சிக்கி நகராவிட்டால்: சேர்விசஸில் பிரின்ட் ஸ்பூலரை நிறுத்தி, சி ட்ரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, ஸ்பூல், பிரின்டர்ஸ் ஃபோல்டருக்குள் இருப்பதை அழித்து, ஸ்பூலரை மறுபடி தொடக்குங்கள்.

கொம்பனிக்குப் போன் எடுக்கும்போது

வெளி லைன்தான் என்று உறுதியான பிறகு எடுங்கள். கையில் இவை இருக்கட்டும்: இணைப்பு இலக்கம், நின்ற நேரம், எந்த விளக்கு எந்த நிறம், ஒளி அளவோ எஸ்என்ஆரோ ஆர்எஸ்ஆர்பியோ, கேட்வேக்கு பிங் வருகிறது ஆனால் 8.8.8.8க்கு வரவில்லை என்ற விவரம். "நெட் இல்லை" என்று மட்டும் சொன்னால் "ரவுட்டரை நிறுத்திப் போடுங்கள்" என்பதிலிருந்து தொடங்குவார்கள். ரீசெட் பண்ணச் சொன்னால், அதற்கு முன் ரவுட்டரின் வேன், லேன், வைஃபை பக்கங்களைப் போனில் படமெடுத்துவிட்டு, யூசர்நேமும் பாஸ்வேர்டும் அவர்களிடம் இருக்கிறதா என்று கேளுங்கள். முறைப்பாட்டு இலக்கத்தை வாங்கி ரவுட்டருக்கு மேலேயே சுவரில் ஒட்டுங்கள். ஆள் அனுப்புவதாகச் சொன்னால், எந்தச் சந்தியில் திரும்ப வேண்டும், மழைக்கு வாகனம் எதுவரை வரும், அதற்குமேல் எவ்வளவு தூரம் நடை என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். டிவிஷன் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு வருகிறவர் பக்கத்துத் தோட்டத்துக்குப் போய்விடுவார்.